யூஎஸ்பி குட்டி ஃபிரிட்ஜ்: ஒரு நிமிடம் குளிர்கிறது, அப்புறம் சூடாகிறது

கேள்வி:
ஒரே ஒரு கேன் நிற்கும் அளவுக்குத் தெர்மாகோல் பெட்டி செய்து, அதன் முதுகில் டிஇசி1-12706 பெல்டியர் தகட்டை (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு) பொருத்தியிருக்கிறேன். வெளிப்பக்கம் பழைய கணினியிலிருந்து எடுத்த ஹீட்சிங்க் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு), டபுள் சைட் டேப்பால் ஒட்டியது. ஃபேன் இல்லை. கணினியின் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் போர்ட்டே அணைந்துவிடுகிறது. 5 வோல்ட், 2 ஆம்பியர் போன் சார்ஜரில் போட்டால் முதல் நிமிடம் தகடு நன்றாகச் சில்லிடுகிறது. ஐந்து நிமிடத்தில் அதே பக்கம் வெதுவெதுப்பாகிவிடுகிறது. தகடு போய்விட்டதா?

பதில் 1:
தகடு நன்றாகவே இருக்கிறது. பெல்டியர் குளிரை உண்டாக்குவதில்லை. ஒரு பக்கத்துச் சூட்டை மறுபக்கம் தள்ளுகிறது, தான் தின்னும் மின்சாரத்தையும் அங்கேயே சூடாகக் கொட்டுகிறது. தகட்டின் கனம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. வெளியேற வழியில்லாத சூடு அப்படியே உள்ளே திரும்பி வருகிறது. உங்கள் டேப்தான் அந்த வழியை அடைக்கிறது. அதைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டை மெல்லியதாகத் தடவி, ஹீட்சிங்கின் நான்கு மூலைகளிலும் திருகு போட்டு, அவற்றை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே மூலையில் அழுத்தினால் தகட்டின் பீங்கான் விரிசல் விடும். ஃபேன் கட்டாயம் வேண்டும்.

பதில் 2:
போர்ட் அணைவது பாதுகாப்புக்காக. யூஎஸ்பி 2.0 தருவது 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். 3.0 என்றாலும் 4.5 வாட்தான். இந்தத் தகட்டின் மின்தடை சுமார் 2 ஓம், 5 வோல்ட்டில் 2 ஆம்பியருக்கு மேல் கேட்கும். தகட்டைச் சார்ஜரில் விடுங்கள், 3 ஆம்பியர் சார்ஜர் இருந்தால் இன்னும் நல்லது. 5 வோல்ட் ஃபேனை மட்டும் கணினியில் செருகுங்கள்.

இன்னொன்று. 330 மில்லி பானத்தை 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 27,600 ஜூல் வெளியேற வேண்டும். தகடு நிகரமாக 1 வாட் சூட்டை வெளியே இழுத்தால் ஏழரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏற்கெனவே குளிர்ந்த கேனை வையுங்கள், அந்தக் குளிரைக் காக்க இது உதவும்.

கேட்டவர்:
டேப்பை எடுத்தேன், பேஸ்ட் தடவினேன், ஃபேனும் வைத்தாயிற்று. அரை மணி நேரமாகச் சில்லென்றே இருக்கிறது, மிக்க நன்றி! ஆனால் தகட்டின் விளிம்பில் முத்து முத்தாக நீர் கோர்த்து ஒயரை நோக்கி வடிகிறது.

பதில் 1:
காற்றின் ஈரம்தான் அது. உடனே அணைத்து, தகட்டை நன்றாகக் காயவிடுங்கள். பிறகு நான்கு ஓரங்களிலும் சிலிக்கான் பசை பூசுங்கள். ஒயர் மேல்பக்கமாக வெளியேறும்படி தகட்டைத் திருப்பி வையுங்கள்.