குட்டிக்கு ஊசி இல்லை, அத்தானுக்குத்தான்

குழு: பெரம்பூர் வீடு

(இரவு 11.52)

அக்கா: யாராவது முழித்திருக்கிறீர்களா? குட்டிக்கு ஜுரத்தில் ஃபிட்ஸ் வந்துவிட்டது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. இப்போது நின்றுவிட்டது. ஆட்டோவில் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்

சித்தி: ஐயோ முருகா. கையில் இரும்புச் சாவி வைத்தீர்களா?

அண்ணி: சித்தி, சாவியெல்லாம் வேண்டாம். எத்தனை நிமிடம் இழுத்தது?

அக்கா: எனக்கு அரை மணி நேரம் மாதிரி இருந்தது. இவர் மணி பார்த்தார், இரண்டு நிமிடம்கூட இல்லையாம். பல் கிட்டிவிட்டது என்று வாயில் விரலை விட்டார், நறுக்கென்று கடி, ஒரே ரத்தம்

அண்ணி: வாயில் எதுவும் வைக்கக் கூடாது, விரலும்தான். மடியில் ஒருக்களித்துப் படுக்க வை, எச்சில் வெளியே வழியட்டும். தண்ணீர், மருந்து இப்போது ஊற்றாதே. மறுபடி வந்தால் உடனே மணி பார். ஐந்து நிமிடம் தாண்டினால்தான் நிறுத்த மருந்து தேவைப்படும்

(1.34)

அக்கா: பார்த்துவிட்டார்கள். ஆக்சிஜன் அளவு, அப்புறம் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை. கழுத்தை வளைத்துப் பார்த்தார்கள். தொண்டை சிவந்திருக்கிறதாம். ஸ்கேன் எடுக்கலாமா என்று இவர் கேட்டார், டாக்டர் வேண்டாம் என்றார்

அண்ணி: சரிதான். கழுத்து பார்த்தது மூளைக்காய்ச்சலோ என்று. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை இப்படி வருவது உண்டு. மூன்றில் ஒரு குழந்தைக்குத் திரும்பவும் வரும், அதனால் பயந்து ஓடாமல் மணி பார்க்கப் பழகு

அக்கா: எட்டு மணி டோஸைக் கொடுக்க மறந்துவிட்டேன் அண்ணி. அதனால்தானே?

அண்ணி: இல்லவே இல்லை. பாராசிட்டமால் ஃபிட்ஸைத் தடுக்காது. குழந்தை கொஞ்சம் தெம்பாகித் தண்ணீர் குடிக்கத்தான் அது. சில குழந்தைகளுக்கு ஜுரம் இருப்பது தெரிவதற்கு முன்பே இழுத்துவிடும். அழாதே. சிரப் பாட்டிலில் என்ன போட்டிருக்கிறது?

அக்கா: 5 மில்லியில் 250

அண்ணி: குட்டி பத்துக் கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆக 3 மில்லி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. உன் பிரிட்ஜ் மேல் பழைய டிராப்ஸ் பாட்டில் இருக்குமே, அதில் ஒரு மில்லியிலேயே 100. சிரப் என்று நினைத்து அதில் 3 மில்லி ஊற்றினால் இரண்டு டோஸ் போய்விடும். எங்கள் வார்டில் இந்தக் குழப்பம் நிறையப் பார்க்கிறேன். அதைத் தூக்கிப் போடு

சித்தி: ஐஸ் துணி போடலாமா?

அண்ணி: நடுக்கம் வந்துவிடும் சித்தி, வேண்டாம்

நான்: அத்தான் விரல்?

அக்கா: கழுவிக் கட்டுப் போட்டு டிடி, அதான் டெட்டனஸ் தடுப்பூசி, போட்டார்கள். குட்டிக்கு ஒரு ஊசியும் இல்லை. முழித்துக்கொண்டு அப்பா கட்டைப் பிடித்து இழுக்கிறான்

சித்தி: காலையில் இட்லி கொண்டு வருகிறேன். சாவிக்கொத்து வீட்டிலேயே இருக்கட்டும்