'மாஸ்ட்ரோ': பெர்ன்ஸ்டைனின் கதையா, அவருடைய இல்லறத்தின் கதையா?

கேள்வி:
அமெரிக்க இசையமைப்பாளர் லெனார்ட் பெர்ன்ஸ்டைனைப் பற்றி பிராட்லி கூப்பர் இயக்கி, நடித்து, 2023-இல் வெளிவந்த 'மாஸ்ட்ரோ' படத்தை அண்மையில்தான் பார்த்தேன். நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் இசை இயக்குநராக அவர் ஆற்றிய பணியும், 1958 முதல் தொலைக்காட்சி வழியாக இளையோருக்கு அவர் நடத்திய இசை நிகழ்ச்சிகளும் போகிற போக்கில் கடந்துவிட, 1951-இல் நடிகை ஃபெலிசியா மோன்டலெக்ரேயுடன் நடந்த திருமணமும் அதில் விழுந்த விரிசலுமே படத்தை நிறைத்திருக்கின்றன. இவ்வளவு பெரிய கலைஞரை வீட்டுக்குள் அடைத்துக் காட்டுவது முறைதானா?

மறுமொழி 1:
முறைதான் என்பேன். விருதுகளையும் மேடைகளையும் வரிசையாக அடுக்கும் வாழ்க்கை வரலாற்றுப் படங்கள் சலித்துவிட்டன. மேலும், இசை இங்கே எங்கும் போய்விடவில்லை. அவர் இசையமைத்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசைநாடகம் மேடையேறியதை நாம் பார்ப்பதில்லை. ஆனால் அதன் தொடக்க இசை, குடும்பத்துக்குள் பதற்றம் மூளும் இடத்தில் பின்னணியாக வந்து, யாரும் வாய்விட்டுச் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்கர்களின் நன்றி நவிலல் நாளன்று கணவனும் மனைவியும் மோதிக்கொள்ளும் காட்சியில் இசையே இல்லை. கேமராவும் எட்ட நின்று அசையாமல் பார்த்துக்கொண்டிருக்க, சன்னலுக்கு வெளியே பண்டிகை ஊர்வலத்தின் ராட்சத பலூன், கார்ட்டூன் நாய் ஸ்னூபியின் உருவில், மிதந்து போகிறது. சிரிப்பதா, கலங்குவதா என்று தெரியவில்லை.

மறுமொழி 2:
என் மனக்குறை வேறு. சுருக்கப்பட்டவர் பெர்ன்ஸ்டைன் என்பதைவிட ஃபெலிசியா என்பதே சரி. கோஸ்டா ரிக்காவில் பிறந்து சிலியில் வளர்ந்த அவர், நாடகத்திலும் தொலைக்காட்சியிலும் சொந்தப் பெயர் பெற்றவர். கணவரின் 'காடிஷ்' சிம்பொனி 1964-இல் பாஸ்டனில், அமெரிக்காவில் முதன்முறையாக அரங்கேறியபோது அதன் உரைப்பகுதியைப் பேசியவரும் அவரே. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் இயக்கத்தினரின் வழக்குச் செலவுக்காக 1970-இல் தம் வீட்டில் கூட்டம் நடத்திப் பெரும் ஏளனத்துக்கு ஆளானார். அந்த நிகழ்வுக்குப் படத்தில் இடமே இல்லை. பெயர்ப் பட்டியலில் ஃபெலிசியாவாக நடித்த கேரி மல்லிகனை முதலில் போட்டுவிட்டால் மட்டும் கணக்குத் தீர்ந்துவிடுமா? அவருடைய நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் இங்கிலாந்தின் ஈலி பேராலயக் காட்சியை எப்படி எடுத்துக்கொள்வது? 1973-இல் அங்கே இசையமைப்பாளர் மாலரின் இரண்டாம் சிம்பொனியை பெர்ன்ஸ்டைன் நடத்தியதை அவ்வளவு நீளமாகக் காட்டிவிட்டு, முடிவில் கேமரா ஃபெலிசியாவிடம்தானே வந்து நிற்கிறது?

மறுமொழி 2:
ஆம், அங்கும் அவர் பார்வையாளராகவே நிற்கிறார். நான் சொல்வதும் அதைத்தான்.

மறுமொழி 3:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெர்ன்ஸ்டைனின் மூன்று பிள்ளைகளும் இப்படத்துக்கு வெளிப்படையாகத் துணைநின்றார்கள். கனெக்டிகட்டில் உள்ள அவர்களுடைய குடும்ப வீட்டிலேயே சில காட்சிகள் படமாக்கப்பட்டன. ஆகவே இது பெரும்பாலும் பிள்ளைகளின் கண்ணில் பட்ட அப்பா, அம்மா கதை. தந்தை 1976-இல் பிரிந்து போனதையும், தாய்க்குப் புற்றுநோய் எனத் தெரிந்தபின் திரும்பி வந்து 1978-இல் அவர் இறக்கும்வரை உடனிருந்ததையும் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவர்களுக்கு, இசை நிகழ்ச்சிகளைவிட அந்த ஆண்டுகளே பெரிதாகத் தெரிந்திருக்கும். ஃபெலிசியாவின் குரலைத் தனியே கேட்க விரும்புவோர், 'காடிஷ்' சிம்பொனியின் நியூயார்க் பில்ஹார்மோனிக் ஒலிப்பதிவைத் தேடிக் கேட்கலாம்.