தடுப்பணை போனதும் ஆற்றில் மீன் மாறிவிட்டது, இது நிலைக்குமா?

சித்தூர்க்காரன்:
எங்கள் ஊருக்குக் கீழே, பாலக்காட்டுச் சித்தூர்ப்புழை ஆற்றில் ஒரு பழைய தடுப்பணை இருந்தது, பெருவெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனதோடு சரி, அப்புறம் யாரும் கட்டவில்லை. அணை இருந்தவரை அங்கே முழுக்க ஜிலேபி மீன்தான், வலை போட்டால் கூடை நிறையும், ஆனால் குழம்பு வைத்தால் சேற்று வாடை. இப்போது அதே இடத்தில் முழங்கால் தண்ணீர், அடியில் கூழாங்கல். ஜிலேபி அபூர்வமாகிவிட்டது, அயிரையும் ஆராலும் வருகின்றன, பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு நிற்கிற சின்ன மீன் ஒன்று (பெயர் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்) காலை நீட்டினால் வந்து கொறிக்கிறது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று தென்னை வைத்திருப்பவர்கள் அணையை மறுபடி கட்டச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார்கள், அதுவும் நியாயம்தான். மீன் மாறினது நிலைக்குமா? அப்பா காலத்தில் இருந்த விலாங்கு மட்டும் ஏன் இன்னும் வரவில்லை?

தூண்டில்_பாலக்காடு:
நிலைக்கும் அண்ணா. அமெரிக்காவில் எல்வா ஆற்றில் 1913-லிருந்து நின்ற கீழணையை 2012 மார்ச்சில் எடுத்து முடித்தார்கள், அதே வருடமே, கடலிலிருந்து முட்டையிட ஏறுகிற சினூக் சால்மன் மீன் அந்த இடத்தைத் தாண்டி மேலே ஏறிவிட்டது. மேலணை 2014-ல் போனது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்டீல்ஹெட் (கடலுக்குப் போய்த் திரும்புகிற டிரவுட் மீன்) கதை: கடலுக்குப் போகாமல் மேல்ஆற்றிலேயே மாட்டிக்கொண்டிருந்த டிரவுட் மீனின் வம்சம் அத்தனை வருடம் கழித்தும் கடலுக்கு இறங்கி, கோடையில் திரும்பி ஏற ஆரம்பித்தது. வழி திறந்தால் மீன் பார்த்துக்கொள்ளும்.

கொழிஞ்சாம்பாறை மாமா:
தம்பி, சால்மனை வைத்து நம் ஆற்றைப் பேசாதீர்கள். எல்வாவிலேயே அணைகளுக்குப் பின்னால் சுமார் 2 கோடி கன மீட்டர் மண் தேங்கியிருந்தது, அது கலங்கி இறங்கிய காலத்தில் மீன் பாடு திண்டாட்டம், குஞ்சுப் பண்ணையை வைத்துத்தான் இனத்தைக் காப்பாற்றினார்கள். முட்டை போடுகிற சரளையை நைசு மண் மூடினால் முட்டைக்கு மூச்சு முட்டிவிடும்.

நமக்குப் பொருந்துவது விஸ்கான்சின். மில்வாக்கி ஆற்றில் உல்லன் மில்ஸ் என்று ஒரு சின்ன அணையை 1988-ல் எடுத்தார்கள். தேங்கின தண்ணீரில் கொழுத்த கார்ப் மீன் குறைந்தது, ஓடுகிற தண்ணீரை விரும்பும் ஸ்மால்மவுத் பாஸ் மீன் கூடியது. உங்கள் ஜிலேபி கதையும் அதேதான். ஆண் ஜிலேபி அடிமண்ணில் குழி பறித்துத்தான் ஜோடி சேரும், இழுப்பில் அந்தக் குழி நிற்காது. ஆனால் மேலே எங்காவது ஒரு மடு தேங்கிக் கிடந்தால் அடுத்த வெள்ளத்தில் திரும்ப இறங்கி வரும், 1952-ல் இந்தியாவுக்குள் வந்தது இன்றுவரை போகவில்லையே.

அணை ஒன்று போனதால் ஆறு பழைய ஆறாகிவிடவும் இல்லை. நம் ஆற்றுத் தண்ணீர் மழையைப் பார்த்து வருவதைவிட மேலே உள்ள ஆழியாறு அணையின் மதகைப் பார்த்து வருவதுதான் அதிகம். தமிழ்நாடும் கேரளமும் செய்த 1970 ஒப்பந்தப்படி மணக்கடவு என்ற இடத்தில் நமக்கு வருடத்துக்கு 7.25 டிஎம்சி, அது எந்த மாதம் எவ்வளவு என்பது பாசனத்துக்காகப் போடுகிற கணக்கு. மீன் ஏறுவது புதுவெள்ளத்தில். அந்த வெள்ளம் நேரத்துக்கு வராவிட்டால் வழி திறந்திருந்தும் ஏறாது. இங்கே ஏறுகிற மீனையும் ஊத்த (புதுவெள்ளத்தில் முட்டையிட ஏறுகிற மீன்) பிடிக்கிறேன் என்று முட்டையோடு வாரிக்கொள்கிறார்கள், கேரளத்தில் அதற்குத் தடை இருக்கிறது, கேட்பார் யார்?

பொன்னானிப்பையன்:
விலாங்குக்கு நான் பதில் சொல்கிறேன். அது முட்டையிடுவது கடலில், குஞ்சுதான் ஆற்றில் ஏறி வர வேண்டும். உங்கள் ஆறு வந்து சேர்கிற பாரதப்புழையில், எங்கள் பக்கம் சம்ரவட்டத்தில் 2012-லிருந்து ரெகுலேட்டர் (கதவு வைத்த தடுப்பணை), அதற்கு மேலே திருத்தாலாவில் வெள்ளியாங்கல்லு ரெகுலேட்டர். உங்கள் ஊரில் ஒன்று உடைந்ததற்கு அது சந்தோஷப்பட முடியாது, கீழே கதவு சாத்தியிருக்கிறது. அயிரையும் ஆராலும் பக்கத்து ஓடையிலேயே இருந்தவை, அதனால் உடனே வந்துவிட்டன.

சித்தூர்க்காரன்:
புரிந்தது மாமா. ஆனால் இங்கே எப்படியும் கட்டத்தான் போகிறார்கள். மீன் அணையைத் தாண்டி ஏற மீன்ஏணி வைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

கொழிஞ்சாம்பாறை மாமா:
ஏணி என்று எழுதிக் கொடுத்தால் சால்மன் தாவுகிற மாதிரி கான்கிரீட் படி கட்டி வைப்பார்கள், அயிரை எங்கே தாவும்? அணையின் கீழ்ப்பக்கம் கல் அடுக்கிச் சரிவாக இறக்கச் சொல்லுங்கள். 1 அடி உயரத்துக்கு 20 அடி நீளம் என்று வைத்தால் இழுப்பு தணியும், கல்லுக்குக் கல் இடுக்கில் நின்று நின்று ஏறும். உயரத்தைக் குறைத்தால் சரிவுக்கு ஆகிற கல்லும் குறையும், அதனால் முதலில் உயரத்தைப் பற்றிப் பேசுங்கள். அடியில் ஒரு மதகு வைத்து முதல் வெள்ளத்தில் திறந்துவிட்டால் மண்ணும் போகும். மதகுச் சாவி யார் கையில் என்பதையும் மனுவில் சேர்த்துவிடுங்கள், எங்கள் ஊர் மதகு துருப்பிடித்து இறுகிப்போய் எந்த வெள்ளத்துக்கும் திறந்ததே இல்லை.