தி ஹாண்டிங் (1963): பேயே வராத பேய்ப்படத்த ஏன் இப்படி கொண்டாடுறாங்க?

நடுராத்திரி ஷோ:
ராபர்ட் வைஸ் எடுத்த தி ஹாண்டிங் இப்பதான் பார்த்து முடிச்சேன். கருப்பு வெள்ளைன்னா அலர்ஜிலாம் இல்லங்க, சைக்கோலாம் எப்ப போட்டாலும் உக்காந்துடுவேன். ஆனா இதுல கடைசி வரைக்கும் பேய் வரவே இல்லயே! கதவு தட்டுது, சுவர்ல சத்தம் கேக்குது, ஹீரோயின் எலினார் மனசுக்குள்ளயே புலம்பிட்டு இருக்கா, படம் முடிஞ்சிடுது. அந்த கதவு உள்பக்கமா உப்பி வர்ற சீன் மட்டும் நெஜமாவே ஆடிப்போயிட்டேன், கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலத்துல அத எப்படி எடுத்தாங்க? அப்புறம் இந்தப் படத்துக்கு மூலமான ஷர்லி ஜாக்சன் நாவல படிச்சா படம் இன்னும் பிடிக்குமா, இல்ல இதோட விட்டுடலாமா?

பழைய ரீல்:
கதவு மேட்டர் சப்பையான டெக்னிக்தான் பாஸ். மெல்லிசா அடுக்கடுக்கா ஒட்டின பலகைல கதவு செஞ்சு, அந்தப் பக்கம் ஆள நிக்க வச்சு தள்ள விட்டாங்க, அவ்ளோதான். ஆனா அதுக்கு முன்னாடி வைஸ் என்ன பண்றார்னு பாருங்க, இடி மாதிரி சத்தம் காரிடார்ல தூரத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு கதவா தட்டிட்டு கிட்ட வருது, நின்னுடுது, அப்புறம் கைப்பிடி மெதுவா அசையுது. இதெல்லாம் முதல் ராத்திரியே காட்டிட்டதால கதவு உப்பும்போது வெளிய நிக்கிறத நாமளே மனசுல வரைஞ்சு வச்சிருக்கோம். வைஸ் 1940கள்ல வால் லூட்டன்ங்கற தயாரிப்பாளர்கிட்ட டைரக்டரா ஆரம்பிச்சவர். அங்க பட்ஜெட் கம்மி, அதனால நிழலையும் சத்தத்தையும் வச்சே பயமுறுத்தணும். அந்தப் பழக்கம்தான் இங்க பெரிய அளவுல வேலை செய்யுது.

இன்னொன்னு, வீட்ட வெளிய இருந்து காட்டுற ஷாட்ல வானம் ஒரு மாதிரி கருகி, கல்லெல்லாம் வெளிறி தெரியும்ல, அது இன்ஃப்ராரெட் ஃபிலிம், அதாவது கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு ஒளிய பதிவு பண்ற ஃபிலிம். கதை நடக்கிறது அமெரிக்காவுல நியூ இங்கிலாந்து, ஆனா அந்த வீடு இங்கிலாந்துல வார்விக்ஷயர்ல இருக்கிற எட்டிங்டன் பார்க். உள்ள நடக்கிறதெல்லாம் ஸ்டுடியோ செட். பானாவிஷன் கம்பெனி இன்னும் சரியா ரெடி ஆகாத ஒரு 30 எம்எம் வைட் லென்ஸ வச்சிருந்தாங்க, படம் வளைஞ்சு தெரியும், வேணாம்னு அவங்க சொல்லியும் எனக்கு அந்த வளைசல்தான் வேணும்னு வைஸ் கேட்டு வாங்கி எடுத்திருக்கார். அதனாலதான் சும்மா ஒரு ஹால காட்டினாலே நமக்கு என்னமோ பண்ணுது.

மை கறை:
நாவல் கண்டிப்பா படிங்க. *கதை தெரியக்கூடாதுன்னா இத தாண்டிப் போங்க.* எலினார் பதினொரு வருஷம் படுத்த படுக்கையா இருந்த அம்மாவ பார்த்துக்கிட்டவ, அம்மா செத்த ராத்திரி சுவத்த தட்டி கூப்பிட்டிருக்காங்க, இவ போகல. இப்ப முதல் ராத்திரி சீன திரும்பப் பாருங்க. தட்டுற சத்தம் கேட்டதும் பாதித் தூக்கத்துல "வர்றேம்மா"ன்னுதான் எழுந்திரிக்கிறா! வீடு அவளோட குற்ற உணர்ச்சிய கரெக்டா கண்டுபிடிச்சு தட்டுதா, இல்ல அவதான் எல்லாத்தையும் கிளப்புறாளா, ஜாக்சன், வைஸ் ரெண்டு பேருமே கடைசி வரைக்கும் சொல்ல மாட்டாங்க.

1959ல வந்த நாவல்ல, பேய் ஆராய்ச்சிக்காக எல்லாரையும் அந்த வீட்டுக்கு கூப்பிட்ட டாக்டரோட பொண்டாட்டி, ஆவிகளோட பேசுறேன்னு பிளான்செட்டோட (ஆவி எழுதிக் காட்டும்னு நம்புற சின்ன பலகை) வந்து இறங்குற ஆளு, செம காமெடியா இருக்கும். படத்துல அதே கேரக்டர் பேய்லாம் சுத்தப் பொய்னு சொல்றவ. இந்த மாத்தம் எனக்கு ஓகேதான், ஏன்னா படத்துல எலினாருக்கு டாக்டர் மேல ஒரு ஈர்ப்பு, அப்ப பொண்டாட்டி வந்து நின்னாலே அவளுக்கு இடி. எனக்கு வருத்தம் கடைசி கார் சீன்லதான். நாவல்ல மரத்துல மோதுறதுக்கு முந்தின நொடி ஏன் இத பண்றேன், ஏன் யாருமே தடுக்கலன்னு அவளுக்கு தெளிவு வந்துடும். அத படிச்சுட்டு ரொம்ப நேரம் புக்க மூடவே முடியல. படத்துல ஸ்டியரிங் தானா இழுக்கிற மாதிரி காட்டிட்டதால பழி வீட்டு மேல போயிடுது.

ஒத்தை டிக்கெட்:
எல்லாம் சரி, ஆனா அந்த வாய்ஸ் ஓவர் ஓவர்தான்ங்க. எலினாரா நடிச்ச ஜூலி ஹாரிஸ் முகத்துலயே எல்லாம் தெரியுது, அப்புறம் எதுக்கு மைண்ட் வாய்ஸ்? மத்தபடி 1999 ரீமேக் பார்த்துட்டு வாங்க, இது ஏன் டாப்புன்னு புரியும். சிலை அசையுது, கட்டில் பிடிக்குது, எல்லாத்தையும் கிராபிக்ஸ்ல காட்டிட்டாங்க, பயம்தான் வரல.

நடுராத்திரி ஷோ:
அய்யோ அந்த "வர்றேம்மா"வ நான் கவனிக்கவே இல்ல. அப்ப அந்த கை சீன்? எலினார் இருட்டுல, கூட தங்கியிருக்கிற தியோ கைய பிடிச்சிருக்கேன்னு நெனச்சிட்டே கிடப்பா, லைட் போட்டா தியோ ரூமோட அந்தப் பக்கம் இருப்பா. அது நாவல்லயும் உண்டா?

மை கறை:
உண்டு. ஆனா படத்துல எக்ஸ்ட்ரா ஒண்ணு இருக்கு, அந்த நேரம் முழுக்க கேமரா சுவர்ல இருக்கிற இலை டிசைனயே பார்த்துட்டு இருக்கும், வெளிச்சம் மாற மாற அதுல கண்ணு வாயின்னு ஒரு முகம் தெரிய ஆரம்பிக்கும். ஹெட்போன் போட்டு பாருங்க, முணுமுணுப்புல வார்த்தை எதுவும் பிடிபடாது, அதான் பயமே.

பழைய ரீல்:
இது பிடிச்சுதுன்னா அடுத்து தி இன்னசன்ட்ஸ் (1961), ஹென்றி ஜேம்ஸ் கதை. ஃப்ரெடி ஃப்ரான்சிஸ் கேமரா. லென்ஸ் ஃபில்டர் ஓரத்துல பெயின்ட் அடிச்சு ஸ்க்ரீனோட ரெண்டு பக்கமும் இருட்டாக்கி வச்சிருப்பார். அதுல பேய் கண்ணுக்கு தெரியும், பட்டப்பகல்லயே ஏரிக்கரைல நிக்கும்.