சலா நேரத்தில் சிக்கிய கதைகள்

ரியாத், பத்தா, 2004. வேலைக்கு வந்து மூன்று வாரம்தான். மஃரிப் பாங்கு சொன்னதும் தெரு முழுக்க ஷட்டர் இறங்குகிறது. சலா, அதாவது தொழுகை நேரத்தில் கடையை மூடியாக வேண்டும். நான் பேக்கரி வாசலில் கையில் ரொட்டியோடு நிற்கிறேன். ஒரு ஜி.எம்.சி வண்டி வந்து நின்றது. கணுக்காலுக்கு மேலே ஏறிய தோப் அங்கி, தலைத்துண்டின் மேல் கறுப்பு வளையம் இல்லை. முத்தவா, அதாவது மதக் காவலர்! "இகாமா" என்று கை நீட்டினார். வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அனுமதி அது. அப்போதெல்லாம் இகாமா சின்னப் புத்தகம். முஸ்லிம் என்றால் பச்சை அட்டை, மற்றவர்களுக்குப் பழுப்பு. என் பழுப்பைப் பார்த்ததும் "ஹிந்தி?" என்றார். அரபியில் இந்தியனுக்கு அதுதான் பெயர் என்று எனக்கு எங்கே தெரியும்? "லா (இல்லை) ஹிந்தி, தமிழ்" என்று சொல்லிவிட்டேன்.

*

அண்ணே, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. என் கதை 2013, ஒரு மால். அபாயா போட்டிருந்தேன், ஷால் மட்டும் தோளுக்கு நழுவிவிட்டது. ஒருவர் வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, தலையை மூடச் சொல்லுங்கள் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார். அவ்வளவுதான், ஆனால் எனக்குக் கை நடுங்கியது. 2002இல் மக்காவில் பெண்கள் பள்ளி தீப்பிடித்து 15 மாணவிகள் இறந்தபோது, தலை மூடவில்லை என்று பிள்ளைகளை வெளியே விடாமல் முத்தவாக்கள் தடுத்ததாகச் சவூதிப் பத்திரிகைகளே எழுதின. அதைப் படித்தவள் நான்.

இத்தனைக்கும் அப்போது முத்தவாக்களின் அமைப்பான ஹையாவின் தலைவர் கொஞ்சம் மிதமானவர். அமைச்சர் அந்தஸ்துள்ள பதவி அது. 2012இல் வந்த அப்துல் லத்தீஃப் அல் அஷ்ஷேக், தன்னார்வலர்கள் ரோந்து போகக் கூடாது என்று நிறுத்தினார். மேலே சொன்னது மாலுக்குள் வந்து சேர நாளாகும் போல! 2015இல் அவரை மாற்றினார்கள். 2016 ஏப்ரலில்தான் விரட்டிப் பிடிக்கும், கைது செய்யும் அதிகாரத்தை அமைச்சரவை எடுத்தது.

*

அதே மனிதர் 2018இல் இஸ்லாமிய விவகார அமைச்சராக வந்தார், அக்கா. 2021 மே மாதம் அவர் போட்ட உத்தரவு எங்கள் வீட்டுச் சமையலறை வரை வந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கும், தொழுகை தொடங்கும்போது சொல்லும் இகாமத்தும் மட்டும், சத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. நாங்கள் தம்மாமில் பள்ளிவாசலுக்குப் பின் தெரு. அதற்கு முன்பு ரசம் தாளித்துக்கொண்டே, இமாம் குர்ஆனின் எந்த சூரா ஓதுகிறார் என்று என் மனைவி சொல்லிவிடுவாள். இப்போது வீடு அமைதி. அவளுக்கு அதில் வருத்தம்தான். கைக்குழந்தை வைத்திருந்த மேல் வீட்டுக்காரருக்கு நிம்மதி. அந்த ஜூலையிலேயே சலா நேரத்தில் கடை திறந்திருக்கலாம் என்றும் ஆகிவிட்டது.

சரி, பத்தா அண்ணே, அந்த முத்தவா என்னதான் சொன்னார்?

*

ஒன்றும் சொல்லவில்லை தம்பி. இகாமாவைத் திருப்பித் தந்துவிட்டு நடைபாதையைக் கைகாட்டினார். சலா முடிகிறவரை அங்கேயே உட்கார்ந்து ரொட்டியைத் தின்று முடித்தேன்.