தவக்கால நடை: புதுப்பிப்பு

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று இங்கே எழுதியிருந்தேன், ஈஸ்டர் வரை தினமும் விடியற்காலையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடக்கப்போகிறேன் என்று. என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 40 நாளில் 37 நாள் நடந்தேன், மூன்று நாள் காய்ச்சல். (சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாளான பெரிய சனி வரை 46 நாள், ஆறு ஞாயிறைக் கழித்தால்தான் 40. ஞாயிறன்று பூசை மட்டும்.)

ராயபுரம் இராயப்பர் கோயிலில் தொடங்கி காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வரை போய்த் திரும்புவேன். முதல் வாரம் கண் முழுக்க போனில் ஏறும் அடிக்கணக்கின் மேல்தான். மாலையில் 'அருள்நிறை மரியே' ஜெபம் சொல்லும் 53 மணிகளில் எதில் விரல் இருக்கிறது என்பதே மறந்துவிடும். இரண்டாம் வாரம் போனை வீட்டில் வைத்துவிட்டேன். அப்புறம்தான் ஜெபம் நடையோடு சேர்ந்தது.

துறைமுக வாசலில் ஐஸ் கூடையோடு நிற்கும் ஓர் அக்கா ஒருநாள் என் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். "தம்பி, எம்புள்ள கடலுக்குப் போயிருக்கான், அவனுக்கும் ரெண்டு மணி உருட்டுப்பா" என்றார். நெற்றியில் திருநீறு, கை முழுக்க மீன் செதில். உயிர்த்தெழுந்த பின் எம்மாவு ஊருக்குப் போகும் சாலையில் சீடர்களோடு வழியில் வந்து சேர்ந்துகொண்ட இயேசுவை அன்றுதான் எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து ஜெபமாலையில் ஒரு பத்து மணி கடலில் இருப்பவர்களுக்கு.

ஈஸ்டர் முடிந்தும் நடக்கிறேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில்தான். தடை தொடங்கும் வரை கட்டாயம் வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.