துணியோடு அளந்தது கணக்கில் வருமா?

செம்பனைக்காட்டான்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டத்து முனியாண்டி கோயில் அரசமரம். தெரிந்தவர்களுக்குத் தெரியும். லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைகளை, இடித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டபோதும் அதை மட்டும் யாரும் தொடவில்லை. போன மாதம் அதன் சுற்றளவை அளக்க டேப்போடு போனேன். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்ற வேண்டும் அல்லவா? சரியாக அந்த உயரத்தில்தான் மஞ்சள் துணி. ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை வருசத்துத் துணியோ, எண்ணெயும் மஞ்சளும் ஊறிக் கெட்டியாகிக் கிடந்தது.

விளக்கேற்றிக்கொண்டிருந்த பாட்டி, "என்னாப்பா, வெட்டவா அளக்குற?" என்றார். இல்லை பாட்டி, எவ்வளவு பெருசு என்று சும்மா பார்க்க என்றேன். நம்பவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "சிலிப்பரக் கழட்டிட்டு வா" என்று சொல்லி, டேப்பின் முனையை அவரே மரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் சுற்றி வந்து பார்த்தால் முனை அவர் கட்டைவிரலுக்கு அடியில். அந்த விரலை நகர்த்தச் சொல்ல மனம் வரவில்லை. துணியை அவிழ்க்கவும் கேட்கவில்லை. 6.38 மீட்டர் என்று எழுதிக்கொண்டேன். அந்த எண் இன்னும் உறுத்துகிறது. நீங்கள் மரம் அளந்த அனுபவத்தையும் சொல்லுங்கள்.

டேப்பு மாமா:
தம்பி, துணி 1 செ.மீ. கனம் என்றால் சுற்றளவில் 6.28 செ.மீ. கூடும். மரம் பெருத்தாலும் சிறுத்தாலும் கூடுவது அவ்வளவுதான். கழித்துவிட்டுப் போங்கள், இதில் உறுத்த என்ன இருக்கிறது?

எனக்கு உறுத்துவது உயரம். எங்கள் திடலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைக் கைப்பேசிச் செயலியில் அளந்தேன். 41 மீட்டர் காட்டியது. காப்பிக்கடை முழுக்கச் சொல்லிவிட்டேன். அங்கே இருந்த பழைய லோரி டிரைவர் ஒருவர் எழுந்து வெளியே போனார். மரத்தையும் பக்கத்து மூன்று மாடிக் கடைவீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் மீதி டீயைக் குடித்தார்.

அதனால் எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். குடை மாதிரி விரிந்த மரத்தில் உச்சி என்று நம் கண்ணுக்குப் படுவது, நம் பக்கம் நீண்டிருக்கும் கிளை. கோணத்தை அந்தக் கிளைக்கும் தூரத்தை அடிமரத்துக்கும் எடுத்தால் மரம் கணக்கிலேயே வளர்ந்துவிடும். லேசர் கருவியை நேராக உச்சிக் கிளைக்கே அடித்து, அந்தத் தூரத்தைக் கோணத்தின் சைனால் பெருக்க வேண்டும். கண்மட்டத்துக்குக் கீழே உள்ளதையும் அதேபோல் எடுத்துக் கூட்ட வேண்டும். காற்றடிக்கும்போது வேண்டாம். சபாவில், டானும் பள்ளத்தாக்கில் இருக்கும் மெனாரா என்ற மரத்தை லேசரில் அளந்தும் அதோடு விடவில்லை. 2019 ஜனவரியில் உன்டிங் ஜாமி என்ற மரமேறி உச்சிவரை ஏறி டேப்பைத் தொங்கவிட்டார். 100.8 மீட்டர், மஞ்சள் மெராந்தி. நாம் செயலியை நம்புகிறோம்!

பால்மரத்து மகள்:
மாமா, அவர் கேட்டது துணியைப் பற்றி. உயரத்தை யார் கேட்டது?

நான் அளந்தது பால் மரம், அதாவது ரப்பர் மரம். கோலகங்சாரில் 1877-இல் நட்ட மரத்தோடு எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மறுநடவுக்குத் தப்பி ஒற்றையாக நிற்பதை யாரும் சட்டை செய்வதில்லை. அம்மாவையும் கூட்டிப் போனேன், முப்பது வருசம் பால் வெட்டியவர். 20 அங்குலச் சுற்றளவு வந்தால்தான் மரத்தில் கத்தி வைப்போம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கிட்டே போனால் நெஞ்சுயரத்தில் பட்டை முழுக்கப் புடைப்பு. டேப்பை எங்கே வைப்பது என்று முழித்தேன்.

அம்மா அந்தப் புடைப்புகளை ஒவ்வொன்றாகத் தடவினார். "கத்தி கட்டையில பட்டிருக்கு. புதுசா வேலைக்கு வந்தவ வெட்டுன மரம்" என்றார். இன்னும் கொஞ்சம் தடவிவிட்டு, "நானாக்கூட இருக்கும்" என்றார். புடைப்போடு 1.84 மீட்டர்.

கணக்கு வாத்தி:
புடைப்போடு அளந்தால் செல்லாது. அதற்குக் கீழே ஒடுங்கிய இடத்தில் அளந்து, எந்த உயரத்தில் என்பதையும் எழுத வேண்டும். சாமி மரத்தில் டேப் சுற்றியதே தப்பு, அதை இங்கே ஒருவரும் சொல்லவில்லை. என் அனுபவமா? போனேன், மழை வந்தது, திரும்பிவிட்டேன்.

செம்பனைக்காட்டான்:
வாத்தியார் ஐயா, பாட்டியே பிடித்த டேப், அதை விடுங்கள். மாமா, கழிப்பதற்குத் துணியின் கனம் தெரிய வேண்டுமே!

ஆடி வெள்ளிக்குத் துணி மாற்றுவோம், காலையிலேயே வா என்று பாட்டி சொல்லியிருந்தார். நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவன் தூங்கிவிட்டேன். மறுநாள் போனால் மரத்தில் புதுத்துணி. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில், மரத்தை ஒட்டியிருந்த பழைய துணியை எனக்காக மடித்து வைத்திருந்தார். "ஒரே சுத்துதாம்ப்பா, அளந்துக்க." கோயில் திண்ணையில் விரித்து அளந்தேன். 6.71 மீட்டர். முடிச்சுப் போட எவ்வளவு துணி விட்டீர்கள் பாட்டி என்று கேட்டேன். இரண்டு கையையும் அகட்டிக் காட்டினார். அப்புறம் யோசித்து, கொஞ்சம் சுருக்கினார்.